கசக்காத கஷாயம்

எங்கள் மாடிக்குப் பதினான்கே படிகள். அந்தப் பெண் ஏறி வருவதற்குள் மூன்று தடவை நின்றாள். நின்ற ஒவ்வொரு தடவையும் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கீழே அரிசி ரோல் கடையில் ஆவி அடிக்கிறது என்று நினைத்தேன்.

"ஆவி இல்லடா, ஆள்," என்றாள் சீடோ அக்கா. தலையைக்கூடத் தூக்கவில்லை. "இழுப்பு வந்த ஆள். நாற்காலியை ஜன்னல்கிட்ட போடு. அப்படியே உன் சிகரெட்டையும் அணைச்சுடு. நான் பார்க்கலேன்னு நினைப்பா?"

என் பெயர் குவான். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, காரணம் கேட்காதீர்கள். எங்கள் துப்பறியும் தொழிலில் ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, தேவைப்பட்டால் அடி வாங்குவது, இவை என் இலாகா. மூளை இலாகா முழுக்க சீடோ அக்காவினுடையது. இருபத்தாறு வருஷம் எங்கள் ஷின்ஹுய் ஊரின் கமலாத் தோல் கிடங்குகளில் மூக்கை வைத்துப் பிழைத்தவள் அவள். காய வைத்த தோல் இங்கே மருந்து, பழசாகப் பழசாக விலை ஏறும். ஒரு கமலாத் தோலை முகர்ந்து பார்த்து எந்தத் தோப்பு, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவாள். தோலில் பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இப்போது மனிதர்களிடம் பிடிக்கிறாள். தோலே தேவலை என்பது அவளுடைய அபிப்பிராயம்.

வந்தவள் இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு மண்ஜாடியை அணைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே எங்கள் இரண்டு பேரையும் நிமிர வைத்தது.

"எம் புருஷன் என்னைக் கொஞ்சம் கொஞ்சமா கொல்றான், அக்கா. என் தோலைத் திருடிட்டு இதை வச்சுட்டுப் போயிட்டான்."

அவள் பெயர் சுன்-யீ. தியான்மா தெருவில் பன்னிரண்டு ஜாடி வரிசையாக வைத்துத் தோல் வியாபாரம் செய்யும் லூய் அம்மாவின் ஒரே மகள். எங்கள் ஊரில் பெண் பிறந்தால் அந்த வருஷத்துத் தோலில் ஒரு ஜாடியை அவள் பெயருக்கு எடுத்து வைப்பார்கள். கல்யாணத்தன்று ஜாடி அவளோடு புகுந்த வீட்டுக்குப் போகும். சுன்-யீயின் ஜாடி எங்கேயும் போகவில்லை, மாப்பிள்ளைதான் வந்தான். ஜாடிக்கும் முப்பத்தொரு வயது, அவளுக்கும் முப்பத்தொரு வயது.

"சின்ன வயசுலேருந்தே இழுப்பு. ஸ்கூல்ல என்னைக் கெட்டில்னுதான் கூப்பிடுவாங்க." ஒரு மூச்சு வாங்கினாள். "கல்யாணம் ஆனப்புறம் இந்த ஜாடித் தோல்ல கஷாயம் போட்டுக் குடிச்சேன். ரெண்டு வருஷம், அக்கா. ஒரு நாள்கூட இழுப்பு இல்ல. இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுட்டேன். மாடிப்படி ஓடி ஏறுவேன். இப்போ மூணு வாரமா..." மீதியை அவளுடைய நெஞ்சே விசிலடித்துச் சொன்னது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றாள் அக்கா.

"விடியக்காலையில அம்மா எழுந்து பார்த்தா, ஜாடி திறந்து கிடக்கு. பக்கத்துல இவர், கையில ஒரு பை. அம்மா போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு. நான் கீழே ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. 'ஆமா, நான்தான் திருடினேன்'னு சொல்லிட்டு சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். அதுலேருந்து நாலாம் நாள் எனக்கு இழுப்பு வந்துடுச்சு."

"பை?"

"அம்மா பிடுங்கித் தூக்கி எறிஞ்சுட்டாங்களாம்."

"கஷாயம் யார் போடறது?"

"அவர்தான் போடுவார். அஞ்சு மணிக்கு எழுந்து போட்டு, ஃப்ளாஸ்க்ல ஊத்தி வச்சுட்டு வாத்துக் கடைக்குப் போவார். சுட்ட வாத்து வெட்டறது அவர் வேலை. இப்போ அம்மா போடறாங்க."

"ருசி ஒரே மாதிரி இருக்கா?"

சுன்-யீயின் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. "அங்கதானே அக்கா மாட்டிக்கிட்டான்! முன்னாடி கடைசி வாயில ஒரு கசப்பு இருக்கும். நாக்கோட அடியில போய் நிக்கும். முப்பது வருஷத் தோல்னா சும்மாவா? இப்போ பாருங்க, கசப்பே இல்ல. வெறும் வாசனைத் தண்ணி. அப்போ இது போலித் தோல்தானே?"

அக்காவின் வாயில் எப்போதும் ஒரு உப்புப் பிளம் உருண்டுகொண்டிருக்கும். அது நின்றுவிட்டது. அவளுடன் எட்டு வருஷம் இருந்ததில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: பிளம் நின்றால் நான் வாயை மூட வேண்டும்.

"உங்க வீட்டுல வேற பழந்தோல் குடிச்சிருக்கியாம்மா?"

"எங்க வீட்டுலயா? நல்லதெல்லாம் விக்கறதுக்கு. எங்களுக்குக் கிழிஞ்ச புதுத்தோல்தான். பழசுமேல கை வச்சா அம்மா கையை ஒடிச்சுடுவாங்க."

அக்கா ஜாடிக்குள் கையை விட்டு ஒரு தோலை எடுத்தாள். ஒடித்தாள், படக்கென்று உடைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முகர்ந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ," என்றாள் கடைசியில்.

"நாளைக்கு ஒரு நாள் போகட்டும், அக்கா. நாளைக்குத் தோல் திருவிழா. அம்மா என்னை மேடையில ஏத்தறாங்க. எங்க தெருவுல நாலு வீட்டுல பிள்ளைங்களுக்கு இன்ஹேலரை நிறுத்திட்டு எங்க தோல்தான் குடுக்கறாங்க. நான் மேடையில நின்னு விசிலடிச்சா அம்மா மானமே போயிடும். அதுக்குள்ள என் தோலைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லேன்னா..." ஜாடியை மறுபடி அணைத்துக்கொண்டாள். "ராத்திரி படுக்கவே பயமா இருக்கு, அக்கா. காலையில எழுந்திருக்க மாட்டேனோன்னு இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த வாத்து வெட்டுகிறவனை உரித்து உப்புத் தடவ வேண்டும் போலவும் இருந்தது.

* * *

"கல்யாணத்தன்னிக்கு அந்த ஜாடிலேருந்து ஒரு சரம் கல்யாணத் தரகருக்குப் போயிருக்கும். போய் வாங்கிட்டு வா," என்று அக்கா என்னை விரட்டினாள்.

தரகர் ஃபோங் அத்தையின் அடுப்புக்கு மேலே அந்தச் சரம் சிவப்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட விடவில்லை. மூன்று பெண்களின் போட்டோவைப் பார்க்கச் சம்மதித்தால் ஒரு தோல் தருவதாகச் சொன்னாள். பார்த்தேன். நாலாவது போட்டோவையும் நீட்டினாள். அதில் இருந்தவள் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர். நான் தோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

வழி நெடுக வெயிலில் தோல் காய்ந்துகொண்டிருந்தது. பால்கனி, கார் மேல்பகுதி, கூடைப்பந்து மைதானம், எதுவும் பாக்கியில்லை. உரித்த பழமெல்லாம் சாலையோரத்தில் மலையாகக் கிடந்தது. தோலை வைத்துக்கொண்டு பழத்தை வீசி எறிகிற ஊர் இது. இங்கே யார் எதைத் திருடுவார்கள், எதை விட்டுவைப்பார்கள் என்று வெளியூர்ப் போலீஸால் கண்டுபிடிக்கவே முடியாது.

அக்கா இரண்டு தோலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஜாடியிலிருந்து, இன்னொன்று தரகர் வீட்டிலிருந்து.

"இதழைப் பாரு."

இரண்டு தோலும் பூ மாதிரி மூன்று இதழாக விரிந்திருந்தன. இரண்டிலும் வெட்டு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஊரில் எல்லாரும் வெட்டுகிற பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம்.

"லூய் அம்மா இடது கைக்காரி. ஊர்ல வேற யாருக்கும் இந்தச் சாய்வு வராது. இப்போ மோந்து பாரு."

"கமலா வாசனை."

"உன் மூக்கைச் சளி பிடிக்கறதுக்குன்னே கடவுள் வச்சிருக்கார். புகைடா! லிச்சி விறகுப் புகை. அந்தப் பொண்ணு பொறந்த வருஷம் தோல் காயற மாசம் பூரா மழை. அடுப்பு மேல போட்டுத்தான் காய வச்சாங்க. எனக்கு அப்போ இருபத்தேழு வயசு, கிடங்குல நின்னு மழையைத் திட்டிக்கிட்டிருந்தேன். இந்த இடது கையையும் அந்த மழையையும் எவனாலும் போலியா செய்ய முடியாது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்போ... ஜாடில இருக்கறது அசல் தோலா?"

"அசல். ஒண்ணுகூட மாறல."

"அப்போ திருட்டே நடக்கலையா?"

"நடந்திருக்கு. ஆனா திருடு போனது தோல் இல்ல."

"அப்புறம் அந்த ஆள் ஏன் 'திருடினேன்'னு தெருவுல நின்னு ஒத்துக்கிட்டான்? உதைக்கிறதுக்கு முன்னாடியே ஒத்துக்கற திருடனை நான் பார்த்ததே இல்ல, அக்கா. உதைச்சப்புறமே பாதிப் பேர் ஒத்துக்க மாட்டான்."

"வண்டியை எடு," என்றாள். பிளம் மறுபடி உருள ஆரம்பித்திருந்தது.

* * *

சுன்-யீயின் புருஷன் போக்-ஹங் வேலை செய்யும் கடையில் வாத்துகள் வரிசையாகத் தொங்கின. அவனும் அவற்றுக்கு நடுவே அதே மாதிரி கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னம் ஒட்டி, கண் குழிந்திருந்தது. இராப் பகலாக வாத்து மணக்கிற இடத்தில் ஒருவன் இப்படி இளைக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"தோலைப் பத்திக் கேக்க வந்தோம்," என்றாள் அக்கா.

"நான்தான் எடுத்தேன்." கத்தி நிற்கவில்லை. டக், டக், டக். "எடுத்து வித்துட்டேன். ஜாடில சந்தைத் தோலைப் போட்டு வச்சேன். எழுதிக்கோங்க."

"எந்தச் சந்தை?"

"பாலத்துக்கிட்ட இருக்கற சந்தை."

"எந்த வருஷத்துத் தோல்?"

"அது... பத்து வருஷம். பழுப்பா இருந்துச்சு."

நான் குறுக்கே விழுந்தேன். "யோவ், பொய் சொல்றதுதான் சொல்ற, கொஞ்சம் படிச்சுட்டு வந்து சொல்லக்கூடாதா? ஜாடில இருக்கறது உம் மாமியார் கையால வெட்டின தோலு. நீ திருடவும் இல்ல, மாத்தவும் இல்ல."

கத்தி நின்றது. பயந்தவன் மாதிரி அவன் முழிக்கவில்லை. மாட்டிக்கொண்டவன் மாதிரியும் இல்லை. கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தான்.

"அண்ணே, நான் திருடன்னே இருந்துட்டுப் போறேன். விட்டுடுங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டம் எங்களுக்கு இல்லப்பா," என்றாள் அக்கா. "உன் பொண்டாட்டிக்கு. பதினாலு படி ஏற மூணு தடவை நிக்கறா."

அவன் கையிலிருந்த கத்தி மரக்கட்டையில் குத்தி நின்றது. கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி.

"இழுப்பா? அவளுக்கா?" முகத்தில் இரத்தமே இல்லை. "படுக்கும்போது மட்டுமா, நடக்கும்போதுமா? உதடு நீலமாகுதா? எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"அது எப்படி? அப்படி ஆகக்கூடாதே... அவங்க சொன்னாங்களே..."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான். திருடியவன் கேட்கிற கேள்விகளா இவை? எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் புரண்டு படுத்தது. இதுவரை இவன் மேல் இருந்தது, இப்போது எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அலைந்தது. தரகர் அத்தையைச் சந்தேகப்பட்டேன். எதிர்க்கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். ஒரு கணம் அந்தக் கணக்கு டீச்சரைக்கூட.

அக்கா கல்லாவைத் தாண்டி உள்ளே போய் அவன் காதில் ஏதோ கேட்டாள். அடுப்பு இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையசைத்தான். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு உள்ளறைக்குப் போய் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்தான். வாத்துக் கட்டிப் பழகிய கை, அதையும் பிளாஸ்டிக் கயிற்றால் எட்டு முடிச்சுப் போட்டுக் கட்டி என் கையில் வைத்தது.

"இது உன் சட்டைப் பையில இருக்கட்டும்," என்றாள் அக்கா. "நான் 'குவான்'னு கூப்பிட்டா உடனே பிரிச்சு அந்தப் பொண்ணுகிட்ட குடு."

"வாத்துக் காலா?"

"வண்டியை எடுடா."

* * *

லூய் அம்மாவின் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை, அத்தனை தோல். நடுவில் ஒரு முக்காலியில் அவள் உட்கார்ந்து இடது கையால் பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வெட்டு, தோல் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். சுவரில் நாளைய மேடைக்கான துணி பேனர் சாய்த்து வைத்திருந்தது. 'முப்பத்தொரு வருஷத் தோல்! இரண்டு வருஷமாக என் மகளுக்கு இழுப்பு இல்லை! இன்ஹேலரைத் தூக்கி எறியுங்கள்!' பக்கத்தில் பேனரில் இருக்கும் அதே மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் அதையும் பார்த்தேன், இதையும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வா சீடோ," என்றாள் லூய் அம்மா. "கிடங்கை விட்டுட்டு இப்போ ஊரான் வீட்டுப் படுக்கையறையை மோந்து பார்க்கற வேலையாமே?"

"படுக்கையறை வேண்டாம், சமையலறை போதும். லூய், உன் மக ஜாடில இருக்கறது உன் தோல்தான். மாறவே இல்ல."

சுன்-யீ நிமிர்ந்தாள். "அப்போ... அவர் திருடலையா?"

"திருடலேன்னா விடியக்காலையில ஜாடிகிட்ட அவனுக்கு என்ன வேலை?" லூய் அம்மா பழத்தை வீசினாள். "நான் என் கண்ணால பார்த்தேன். பை நிறைய தோல். வீட்டோட மாப்பிள்ளையை வச்சா இதுதான் கதி."

"அந்தப் பை எங்கே?"

"தூக்கி எறிஞ்சுட்டேன்."

"எங்க எறிஞ்சே? நீ ஒரு கிழிஞ்ச தோலைக்கூட எறிய மாட்டியே. பை நிறைய முப்பத்தொரு வருஷத் தோலை எறிஞ்சியா?"

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி வெட்டியது.

அக்கா சுன்-யீயின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. "அம்மாடி, உங்க வீட்டுல புதுத்தோல் மட்டும் குடிச்சு வளர்ந்ததால வந்த தப்பு இது. புதுத்தோல் கசக்கும். வயசாக ஆகக் கசப்பு போயிடும், தோல் இனிச்சுப் போகும். முப்பது வருஷத் தோல் கசக்கவே கசக்காது. இப்போ மூணு வாரமா நீ குடிக்கிறியே, அதுதான் உன் ஜாடியோட நிஜ ருசி."

"அப்போ முன்னாடி கசந்ததே?"

"அது தோல் இல்ல. மாத்திரை. ஆஸ்பத்திரில உனக்கு எழுதிக் குடுத்து நீ வேண்டாம்னு சொன்னியே, மூச்சுக்குழாயை விரிக்கற மாத்திரை. குனைனுக்கு அண்ணன், அவ்வளவு கசப்பு. தினம் காலையில ஒண்ணு, வாத்து வெட்டற கத்தியோட பிடியால நுணுக்கி, உன் கஷாயத்துல கலந்திருக்கான் உம் புருஷன். ரெண்டு வருஷமா."

 மேலே பால்கனியில் யாரோ தோல் புரட்டுகிற சரசரப்பு மட்டும் கேட்டது.

"குவாங்சோ ஆராய்ச்சிக்காரங்க வந்து நம்ம தோலை வாங்கிட்டுப் போனாங்களே, அவங்களே என்ன சொன்னாங்க?" என்றாள் அக்கா. "தோல்ல மூச்சைத் தளர்த்தற சரக்கு இருக்கு, நிஜம்தான். ஆனா அது பிஞ்சுக் காயோட பச்சைத் தோல்லதான் கூட. பழைய தோல் சளியைக் கரைக்கும், வயித்தை நல்லா வைக்கும். சோதனை எலிக்கு என்னென்னவோ சரியாச்சாம். உனக்கு இருக்கற இழுப்புக்கு அது துணைக்கு வரும், தனியா சுமக்காது."

"ரெண்டு வருஷமா..." சுன்-யீயின் கை கழுத்துக்குப் போனது. "ரெண்டு வருஷமா என்னை ஏமாத்தினானா? நான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே... என் தோல், என் தோல்னு..."

அதற்கு மேல் சொல் வரவில்லை. சத்தம்தான் வந்தது. விசிலாக ஆரம்பித்து மெல்லிசாகி, பிறகு அதுவும் நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது, காற்று உள்ளே போகவில்லை. முழங்கால் மடங்கித் தோல் பரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். உதட்டில் நீலம் படர்ந்தது.

"குவான்!"

பொட்டலம் கையில் இருந்தது. எட்டு முடிச்சு! பல்லால் கடித்தேன், நகத்தால் கிழித்தேன். பிளாஸ்டிக் கயிறு இறுகியதே தவிர அவிழவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், ஒரு முடிச்சை அப்படித் திட்டியதில்லை.

என்னைத் தள்ளிக்கொண்டு யாரோ ஓடினார்கள். லூய் அம்மா. அறுபத்திரண்டு வயசு உடம்பு அப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. சுவரோரம் பன்னிரண்டு ஜாடி வரிசையாக நின்றன. ஒன்றைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குள் போய், அரிசி டிரம்மைத் திறந்து, இடது கையை முழங்கை வரை விட்டாள். அரிசி கொட்டக் கொட்ட ஒரு துணிப் பையை இழுத்தாள். அதிலிருந்து நீலக் கலர் இன்ஹேலரை எடுத்துக் குலுக்கிக்கொண்டே ஓடி வந்தாள்.

"வாயில வச்சு மூடு. அப்படித்தான். அம்மா அழுத்தறேன், நீ இழு... பிடி, பிடி, விடாதே... இன்னொண்ணு..."

 பள்ளிக்கூடமே கெட்டில் என்று சிரித்த நாட்களில் இந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இதே மாதிரி அழுத்தியவள் இவள்தானே. அது கைக்கு மறக்கவில்லை.

நாலாவது அழுத்தலில் காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. அப்போதுதான் என் பொட்டலமும் பிரிந்தது, உள்ளே அதே மாதிரி ஒரு நீல இன்ஹேலர். அக்கா அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் பேசி முடித்திருந்தாள்.

சுன்-யீ கண் திறந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்ஹேலரை. பிறகு அந்தத் துணிப் பையை. பையின் வாய் திறந்து வெள்ளை மாத்திரை அட்டைகள் தோலின் மேல் சரிந்து கிடந்தன. ஒரு தோல்கூட அதில் இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "அம்மா, உனக்கு முன்னாடியே தெரியும்."

 அக்காதான் பேசினாள், யாரையும் பார்க்காமல்.

"அன்னிக்கு விடியக்காலையில அவன் மாத்திரை நுணுக்கறதைப் பார்த்துட்டே. 'வெளியில சொன்னா என் தோல் பேரே போயிடும், திருடன்னு சொல்லிட்டுப் போயிடு'ன்னே. அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். 'போறேன், ஆனா தினம் ஒரு மாத்திரையை நீங்க நுணுக்கிப் போடணும்.' நீ சரின்னே, அப்புறம்தான் தெரு கூடற மாதிரி சத்தம் போட்டே. மூணு வாரமா அந்தப் பையன் திருடன் பேரைச் சுமந்துக்கிட்டு, தன் பொண்டாட்டி நல்லா மூச்சு விடறதா நம்பிக்கிட்டு வாத்து வெட்டறான். நீ ஒண்ணுகூடப் போடல."

"பார்க்கணும்னு நினைச்சேன்." லூய் அம்மாவின் குரல் உள்ளே எங்கேயோ கிடந்து வந்தது. "முப்பத்தொரு வருஷம் மழைகிட்டேருந்தும் எலிகிட்டேருந்தும் காப்பாத்தி வச்ச தோலு. அது வேலை செஞ்சுதா, இந்த அட்டை வேலை செஞ்சுதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. மொத வாரம், மருந்தோட விஷம் வெளியே போகுதுன்னு நினைச்சேன். ரெண்டாவது வாரம் தோலைக் கூடப் போட்டேன். மூணாவது வாரம் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா... திருவிழா முடியட்டும், நாளைக்கு ஒரு நாள்தானேன்னு..."

ஒரு நாள்தானே! எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அக்கா என் காலை மிதித்தாள்.

சுன்-யீ அம்மாவின் கையிலிருந்து இன்ஹேலரை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் வெளியே வரும்போது லூய் அம்மா பேனரின் முன்னால் நின்றிருந்தாள். பழம் வெட்டுகிற கத்தியால், கடைசி வரியை இடமிருந்து வலமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு வரியையும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முழுசாகவே கிழித்துப் போட்டுவிட்டு, "அந்த நாலு வீட்டுக்கும் இப்பவே போயிட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

* * *

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஆவி மருந்து பிடித்துவிட்டு, டாக்டர் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, சுன்-யீ வெளியே வந்ததும் என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

"வாத்துக் கடைக்குப் போங்கண்ணே."

"அவனைக் கத்தி எட்டாத தூரத்துல நிக்க வச்சுப் பேசு, தாயே," என்றேன். "உன் முகத்தைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

போக்-ஹங் அவளைப் பார்த்ததும் கல்லாவை விட்டு வெளியே வந்தான். பாதி வழியில் நின்றுவிட்டான். வாங்க வந்தவர்கள் இரண்டு பேரும் வாத்தை மறந்துவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். அவன் ஏப்ரனில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏமாத்திட்டேன். தப்புதான்," என்றான். "சொன்னா நீ குடிக்க மாட்டே. உனக்கு அந்தத் தோல்மேல அவ்வளவு..."

"பேசாதே." அவள் குரலில் கரகரப்பு இன்னும் போகவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. "ரெண்டு வருஷம் தினம் காலையில என்னை ஏமாத்தியிருக்கே. அதுக்கு உன்கிட்ட ரெண்டு வருஷம் சண்டை போடப் போறேன். அது தனி. இப்போ வீட்டுக்கு வா."

அவன் தலையாட்டினான்.

"நாளையிலேருந்து மாத்திரையைக் கையில குடு. நான் முழுங்கிக்கறேன். கஷாயத்தைத் தனியா குடு." ஒரு முழு மூச்சு எடுத்தாள், விசில் இல்லாத மூச்சு. "அதுல எதையும் கலக்காதே. எங்கம்மா தோல் கசக்காது."